குன்னூர் டிஸ்க் கோவையில் பாடாதா?

கேள்வி: டிவிடி ரெக்கார்டரில் பதிந்த மகளின் கல்யாண டிஸ்க், எங்கள் வீட்டில் ஓடுகிறது, கோவையில் சம்பந்தி வீட்டில் ஓடவில்லை. மழைக்காலக் காலையில் எங்கள் ரெக்கார்டரும் 'டிஸ்க் இல்லை' என்கிறதே?
– வாசகி, குன்னூர்

பதில்: கல்யாணம் முடிந்துவிட்டது, டிஸ்க்கைத்தான் இன்னும் முடித்துவைக்கவில்லை! ரெக்கார்டரின் மெனுவில் 'ஃபைனலைஸ்' என்று இருக்கும். அதைக் கொடுத்தால்தான் மற்ற பிளேயர்கள் படிக்கக்கூடிய அட்டவணை டிஸ்க்கில் எழுதப்படும். டிவிடி-ஆர் என்றால் அதன்பின் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். பழைய பிளேயர்கள் அதிலும் தடுமாறும்.

காலைத் தகராறுக்குக் காரணம் உங்கள் ஊர் ஈரம். குளிரிலிருந்து டீக்கடைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குமே, லேசர் லென்ஸுக்கும் அதே கதி. டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு, ரெக்கார்டரை ஆன் செய்து ஓரிரு மணி நேரம் விடுங்கள். அப்போதும் படிக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சை படிந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் கொடுங்கள். டிஸ்க்கை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற ஃபிலிம் ஆலை இருந்த மலை இது. ஃபிலிமுக்குக் குளிர் நண்பன். ஈரமோ ஃபிலிம், லென்ஸ் இரண்டுக்குமே எதிரி.

ஒன்று மட்டும் அவசரம், அம்மா. ஃபைனலைஸ் செய்யாத டிஸ்க்குக்குப் பதிந்த ரெக்கார்டர்தான் நம்பகமான துணை. அது உயிரோடிருக்கும்போதே முடித்து, கம்ப்யூட்டரில் ஒரு நகலும் எடுத்து வையுங்கள்.