பேரீச்சம்பழம் பெறும் விதிமுறைகள்

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்பது தமிழ்நாடு கண்ட மிக எளிய வணிக ஒப்பந்தம். இரும்பு தள்ளுவண்டிக்குப் போகும், பழம் வாய்க்குப் போகும், கணக்கு தீர்ந்தது. அந்த இரும்பில் ஒரு நம்பர் பிளேட் இருந்துவிட்டால் மட்டும் நடுவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சட்டத்தின் கண்ணுக்கு ஒவ்வொரு வண்டியும் இரண்டு வண்டி. ஒன்று இரும்பில் இருப்பது, மற்றொன்று ஏட்டில் இருப்பது. காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வது முதலாவதை மட்டுமே. இரண்டாவது பெட்ரோலே இல்லாமல் பழைய உரிமையாளர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் எண்ணை வேறொரு வண்டியில் மாட்டி யாரோ சிக்னலைத் தாண்டினால் அபராதச் சலான் இவர் வீட்டுக்கு வரும். கை மாறிக் கை மாறிப் போன கார் விபத்துக்குள்ளான ஒரு வழக்கில், ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆகவே ஏட்டு வண்டிக்கும் காரியம் செய்தாக வேண்டும். சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, வண்டி அழிந்தாலோ இனி ஓடவே ஓடாது என்றானாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள் அல்லது கூடிய விரைவில் ஆர்.சி. புத்தகத்துடன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கொட்டகையில் கோழி அடைகாக்கும் பல அம்பாசடர்கள் இந்தக் கெடுவை எப்போதோ தாண்டிவிட்டன.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். 15 வயதானதும் வண்டியை உடைத்தே தீர வேண்டும் என்று நாடு முழுவதற்குமான விதி எதுவும் இல்லை. அந்தக் கண்டிப்பு அரசு வாகனங்களுக்கே, 2023 ஏப்ரல் முதல். தனியாருக்குக் கட்டணமே போதும் என்று விட்டுவிட்டார்கள். 600 ரூபாயாக இருந்த கார் பதிவுப் புதுப்பிப்பு 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 50 வயதைத் தாண்டி, உருமாறாமல் இருக்கும் வண்டியோ விண்டேஜ் என்ற மரியாதை பெறலாம். இடைப்பட்ட 35 ஆண்டுகள் வாகனத்துக்கு ஏழரைச் சனி.

வண்டியைக் கரை சேர்க்க 2021 செப்டம்பரில் தனி விதிகள் வந்தன. அவற்றின்படி, பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைக்க வேண்டும். எந்த மாநிலத்தில் பதிவான வண்டியையும் எந்த மாநில நிலையத்திலும் ஒப்படைக்கலாம். வண்டி மீது வங்கிக் கடன் இருந்தால் முதலில் அந்தப் பிணைப்பை நீக்கியாக வேண்டும். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு ஆவணம் தேவை. திருட்டு வண்டிப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போகும்போதுகூட இவ்வளவு விசாரணை கிடையாது.

உடைப்பிலும் ஒழுங்கு உண்டு. முதலில் ஆயில், கூலன்ட், ஏ.சி. வாயு, பேட்டரி எல்லாம் இறக்கப்படும். சேசிஸ் எண் பொறித்த துண்டு தனியே வெட்டி வைக்கப்படும். உடைப்பு முடிந்தபின் வாகன உடைப்புச் சான்றிதழ் பிறக்கும். ஏட்டு வண்டியும் அதோடு நிற்கும்.

உரிமையாளருக்குக் கிடைப்பவை இரண்டு. ஒன்று, இரும்பின் விலை. கொள்கை அறிவிப்பில் இது புது வண்டியின் ஷோரூம் விலையில் சுமார் 4 முதல் 6 சதவீதம் எனப்பட்டது. வண்டிக்குள் புதைந்திருக்கும் நினைவுகளுக்கு எடை போடும் வழக்கம் இல்லை. இரண்டாவது, வண்டியை ஒப்படைத்ததற்கான வைப்புச் சான்றிதழ். அடுத்த வண்டி வாங்கும்போது அதைக் காட்டினால் பதிவுக் கட்டணம் இல்லை; சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரையும் வணிக வண்டிக்கு 15 சதவீதம் வரையும் மாநிலங்கள் சலுகை தரலாம். புது வண்டி வேண்டாம் என்பவர் சான்றிதழை இன்னொருவருக்கு விற்றுவிடலாம்.

பேரீச்சம்பழம் குறித்து விதிகள் எதுவும் சொல்லவில்லை.