தாத்தாவின் பட்டாளத்து நம்பர்

கே: என் கொள்ளுத்தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்பது மட்டும்தான் தெரியும். தேடலை எங்கே தொடங்குவது? (வேலூர் வாசகர்)

ப: வீட்டு டிரங்குப் பெட்டியில். மெடல் கிடைத்தால் முகப்பைப் பார்த்ததும் வைத்துவிடாதீர்கள், விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். முதல் உலகப் போரின் வட்ட மெடல்களில் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் பொறித்திருக்கும். 'க்யூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்' என்றிருந்தால் அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைவீரர், செல்லமாகத் 'தம்பி'. அந்தப் படையின் தலைமையகம் பெங்களூரில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கு எழுதுங்கள். எழுதும்போது நம்பரை முதல் வரியிலேயே போடுங்கள். முனுசாமிகள் பல பேர் இருந்திருப்பார்கள், அந்த நம்பர் ஒரு முனுசாமிக்குத்தான்.

கே: இரண்டாம் உலகப் போர் என்றால்? (திருப்பத்தூர் வாசகி)

ப: டிஸ்சார்ஜ் சான்றிதழ், பென்ஷன் புத்தகம் இரண்டையும் தேடுங்கள். தாத்தாவோ பாட்டியோ அரசு உதவித்தொகை வாங்கியிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேளுங்கள்.

கே: லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் எல்லாம் இருக்கிறதாமே, அங்கே தேடினால் போதாதா? (சேலம் வாசகர்)

ப: இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அவற்றில் விரிவாக இருப்பது அதிகாரிகளின் கதை. சாதாரண சிப்பாயின் பணிப்பதிவுகளை இந்தியாவில் அந்தந்த ரெஜிமென்ட்தான் வைத்திருந்தது. பஞ்சாபியருக்கு ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது. முதல் போரில் ஊர் ஊராக யார் யார் போனார்கள் என்று எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. சுமார் 3,20,000 வீரர்களின் விவரம் அவற்றில் இருக்கிறது. 2021-இல் அவற்றைக் கணினியில் தேடும்படி வெளியிடத் தொடங்கினார்கள். சென்னை மாகாணத்துக்கு அப்படி ஒன்று இன்னும் வெளிவரவில்லை. வர வேண்டும் என்று நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.

லண்டன் போகத்தான் வேண்டும் என்றால் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'வார் டைரி'களைக் கேளுங்கள். படைப்பிரிவு ஒவ்வொரு நாளும் எங்கே இருந்தது, என்ன செய்தது என்று அன்றன்றே எழுதியவை அவை. சிப்பாய் பெயர் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் தாத்தா எந்த ஆற்றைக் கடந்தார், எந்தப் பாலத்தைக் கட்டினார் என்பது பிடிபடும்.

கே: போரில் இறந்த பெரியப்பாவின் பெயரைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடினேன். இல்லை. (ராமநாதபுரம் வாசகர்)

ப: இருக்கலாம், வேறு எழுத்துக்கூட்டலில். காதில் விழுந்தபடி எழுதியவர்கள் ஒரே பெயரைப் பத்து விதமாக எழுதியிருப்பார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டுப் படைப்பிரிவு, இறந்த ஆண்டு, அப்பா பெயர் என்று வடிகட்டுங்கள். மாவட்டத்தை அன்றைய பெயரில் தேடுங்கள்: டிரிச்சினோபொலி, டின்னவெல்லி, ராம்நாட். பர்மாவில் இறந்து கல்லறை தெரியாமல் போனவர்கள் என்றால் ரங்கூன் நினைவுச்சின்னம், மலாயா என்றால் சிங்கப்பூர் கிராஞ்சி.

முதல் போரில் மெசபடோமியாவில் இறந்தவர் விஷயத்தில் மனம் கசக்கிறது. பஸ்ரா நினைவுச்சின்னத்தில் வெள்ளைச் சிப்பாய்களின் பெயரைச் செதுக்கினார்கள். இந்தியச் சிப்பாய்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் செதுக்கினார்கள். இந்தப் பாகுபாட்டை ஆணையமே 2021 அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. தாமதமான மன்னிப்பு, ஆனாலும் தேவையானது.

கே: என் தாத்தாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனான். திரும்பவில்லை. எந்த ராணுவ ஆவணத்தில் இருப்பார்? (கிள்ளான் வாசகி)

ப: ராணுவ ஆவணத்தில் இருக்கமாட்டார், அம்மா. 415 கிலோமீட்டர் பாதை அது. அங்கே செத்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறை வரிசையாக இருக்கிறது, பட்டியலும் இருக்கிறது. அதே பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, முறையான பட்டியலும் இல்லை. போரில் இறந்தவர்களிலேயே நம் நினைவில் மிகவும் பின்னால் தள்ளப்பட்டவர்கள் இவர்கள்தான்.

ஆனால் வழி அடைபட்டுப்போகவில்லை. தாத்தா எந்தத் தோட்டம் என்று முதலில் உறுதி செய்யுங்கள். 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இதழின் பழைய பக்கங்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. தோட்டத்தின் பெயரைத் தேடி, போர் முடிந்த ஆண்டுகளைப் புரட்டுங்கள். சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பேட்டிகள் ஒலிப்பதிவாக இருக்கின்றன. அவற்றில் தாத்தாவின் பெயர் வராமல் போகலாம். அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களின் குரலாவது கிடைக்கும்.

கே: ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவத்தில்) இருந்தார் என்று பாட்டி சொல்வதை நம்பலாமா? (சிவகங்கை வாசகர்)

ப: நம்புங்கள், சரியும் பாருங்கள். 1972-இல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டுவந்தது. தாத்தா விண்ணப்பித்திருந்தால் எங்கே சேர்ந்தார், எந்த முகாமில் அடைபட்டார் என்பதைச் சொல்லியிருப்பார். அந்த நகல் வீட்டில் இருக்கிறதா பாருங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஐ.என்.ஏ. கோப்புகள் உள்ளன. 'அபிலேக் படல்' இணையதளத்தில் தேடலாம்.

கே: சென்னையில் எந்த நூலகம்? (தாம்பரம் வாசகி)

ப: எழும்பூரில் ஒரு நாள் ஒதுக்குங்கள். கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் அங்கேதான். பழைய தமிழ் இதழ்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

கே: பாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. முதலில் ஆவணமா, பாட்டியா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: பாட்டி. இன்று சாயங்காலமே செல்போனில் பதிவு செய்யுங்கள். தாத்தா எந்த ஊர் ரயிலடியில் வண்டி ஏறினார், கடிதம் எங்கிருந்து வந்தது, கூடப் போன ஊர்க்காரர் யார் என்று கேளுங்கள். காப்பகம் அடுத்த மாதமும் திறந்திருக்கும்.