பங்காளிப் பிறப்பியல்: சீயமங்கலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

குழந்தை தாய் வயிற்றில் பிறக்கிறது. பங்காளி சார்பதிவாளர் அலுவலகத்தில் பிறக்கிறான். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள். இதற்கு முன் யாரும் இதை நிறுவ முயன்றதாகத் தெரியவில்லை. முயன்றவர்கள் இன்னும் கோர்ட்டில் இருக்கலாம்.

ஆய்வுக்களம் சீயமங்கலம். செஞ்சிக் கோட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு தேசூர்ப் பக்கம் போனால் வரும் ஊர். இன்று திருவண்ணாமலை மாவட்டம். 1989 வரை வட ஆற்காடு. ஆய்வுக்கான நிதியுதவி என் அப்பா பெயரில் அங்கே இருப்பதாகச் சொல்லப்படும் எண்பது சென்ட் புஞ்சை. அதை வாங்க ஒருவர் முன்வந்த நாளில்தான் எனக்குப் பரம்பரை மேல் பக்தி வந்தது. (பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன், பரை என்று அடுக்கி, ‘பரன் பரைதான் பரம்பரை’ என்று முடியும் வாட்சாப் செய்தியை எனக்கு இதுவரை பதினொரு பேர் அனுப்பியிருக்கிறார்கள். பரம்பரை சமஸ்கிருதச் சொல் என்று ஒரே ஒருவருக்குப் பதில் போட்டேன். அவர் ஒரு பங்காளி, இப்போது பேசுவதில்லை.)

முதலில் சொல்லாராய்ச்சி. பங்காளி என்றால் பங்கை உடையவன். ரத்தம், குலம், பாசம் எதுவும் அந்தச் சொல்லில் இல்லை, சொத்துதான் இருக்கிறது. மாமன் மச்சான் உறவை யாரும் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. மொய் நோட்டு அதை உயிரோடு வைத்திருக்கிறது. நூற்றொன்று எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் போயே ஆகவேண்டும். பங்காளிக்கு மொய் நோட்டு கிடையாது, வில்லங்கச் சான்றுதான் உண்டு. தமிழ்க் குடும்ப வரலாற்றுக்கு அரசாங்கம் வைத்த பெயர்களில் இவ்வளவு பொருத்தமானது வேறில்லை.

இனி வரலாறு. சீயமங்கலத்துக் குடைவரை ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. தூணாண்டார் என்று சிவனுக்குப் பெயர். தூணில் ஆடும் சிவனின் சிறிய உருவம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கிடைத்த ஆடல்வல்லான் சிற்பங்களில் மிகப் பழையவற்றுள் வைத்துச் சொல்லப்படுவது. கலை வரலாற்றாளர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது மகேந்திரனின் பங்காளி விவகாரம்.

மகேந்திரனின் அப்பா சிம்மவிஷ்ணு. அவருக்குத் தம்பி ஒருவர், பீமவர்மன். பட்டம் அண்ணன் வழியில் மகேந்திரன், நரசிம்மன் என்று போக, தம்பி வழியினர் புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியவர்மன் என்று ஒதுங்கியே இருந்தார்கள். ஒன்றேகால் நூற்றாண்டு யாரும் யாருக்கும் பத்திரிகை வைத்ததாகத் தகவல் இல்லை. 731 வாக்கில் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்ததும், காஞ்சியிலிருந்து ஒரு கூட்டம் இரணியவர்மன் வீட்டு வாசலில் போய் நின்றது. மூத்த பிள்ளைகள் மூவர் ஒதுங்கிக்கொள்ள, கடைசிப் பையன் பல்லவமல்லன் நான் போகிறேன் என்று கிளம்பினான். வயது பன்னிரண்டு. அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் இந்தக் கதை முழுவதும் எழுத்தோடு சிற்பமாக இருக்கிறது. கல்லில் செதுக்கிய வாரிசுச் சான்றிதழ். ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

தலைமுறைகளை விரல் விட்டு எண்ணினால் ஒன்று தெரியும். செத்துப்போன ராஜா சிம்மவிஷ்ணுவுக்குப் பின் ஆறாம் தலைமுறை. பையன் பீமவர்மனுக்குப் பின் ஐந்தாம் தலைமுறை. ஆக, பன்னிரண்டு வயதுச் சிறுவன் இறந்தவருக்குச் சித்தப்பா முறை. இது பின்னால் தேவைப்படும்.

அப்புறம் அந்தச் சித்தப்பா செய்த முக்கியமான காரியம், தன் வம்சாவளியைச் செப்பேட்டில் எழுதிவைத்தது. காசாக்குடிச் செப்பேடு பிரம்மாவில் தொடங்கி, பிரகஸ்பதி, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன் என்று இறங்கிப் பல்லவனுக்கு வந்து, பீமவர்மன் கிளையையும் மறக்காமல் சேர்க்கிறது. உரிமையில் லேசான சந்தேகம் இருக்கும் வீட்டில்தான் மூலப்பத்திரம் இவ்வளவு பின்னோக்கிப் போகும். பிரம்மாவுக்கு முந்தைய வில்லங்கம் கேட்க ஆளில்லை.

மகேந்திரன் இன்னொரு வகையிலும் நமக்கு முன்னோடி. மண்டகப்பட்டில் அவர் விசித்திரசித்தன், தளவானூரில் சத்ருமல்லன். சீயமங்கலத்தில் கோயிலை எடுத்தவன் லலிதாங்குரன், எடுத்த கோயிலின் பெயர் அவனிபாஜன பல்லவேசுவரம். போதாக்குறைக்குக் குணபரன், மத்தவிலாசன். எல்லாம் ஒரே ஆள்தான் என்று கல்வெட்டறிஞர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். நம் காலத்து அலுவலகம் எதுவும் ஒத்துக்கொண்டிருக்காது. என் தாத்தாவின் பெயர் கிரயப் பத்திரத்தில் முனுசாமி, சிட்டாவில் முனிசாமி, ரேஷன் கார்டில் முனியசாமி. மூவரும் ஒருவரே என்று அட்டெஸ்டேஷன் வாங்க எனக்கு நான்கு மாதம் ஆனது. சாளுக்கியரை எதிர்த்த மன்னர் இதில் எத்தனை நாள் தாக்குப் பிடித்திருப்பார் என்று சொல்ல முடியாது.

எழுத்துப் பிழையைக்கூடச் சமாளிக்கலாம். பேரனைச் சமாளிக்க முடியாது. பேரன் என்றால் பெயரன். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். பெருமாள் மகன் முனுசாமி, அவர் மகன் பெருமாள், அவர் மகன் மறுபடி முனுசாமி. குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்குக் கிடையாது, இருப்பது ஒற்றை எழுத்து இனிஷியல். ஆகவே நூறு வருட ஆவணங்களில் என் குடும்பம் இரண்டே பேராகத் தெரிகிறது. இருவரும் மாறி மாறி ஒருவருக்கொருவர் அப்பாவாகிறார்கள். இதற்கு ஊசல் விதி என்று பெயரிட்டிருக்கிறேன். கிளைவழியிலும் மூத்த பேரனுக்கு அதே பெயர்தான் என்பதால் ஒரே சமயத்தில் ஊரில் நான்கு முனுசாமிகள் இருந்திருக்கிறார்கள். ஊர் அவர்களைக் குள்ளன், கிணத்துமேட்டான், ரங்கூன்காரன் என்று தெளிவாகவே பிரித்து வைத்திருந்தது. பத்திரம் எழுதியவர் மரியாதை கருதி அதையெல்லாம் விட்டுவிட்டார்.

இவ்விஷயத்தில் வெள்ளைக்காரன் கெட்டிக்காரன். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் 342 பேர் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1911 வரை அப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர். கூடவே உடம்பிலுள்ள தழும்பு, மச்சம். நோக்கம் நல்லதல்ல, ஓடிப்போனால் பிடிக்கத்தான் தழும்பு. ஆனால் டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேத்தி அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு இன்று வட ஆற்காட்டுக் கிராமத்தில் வந்து இறங்க முடிகிறது. வந்தவுடன் ஊரார் கேட்பது தழும்பைப் பற்றி அல்ல, நிலத்தில் பங்கு கேட்பாரா என்று. இல்லை என்று தெரிந்ததும் இளநீர் வெட்டுகிறார்கள்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது தமிழ்நாடு முழுவதும் இதே ஆய்வில் இறங்கியதைக் கண்டோம். 2002, 2005 பட்டியலில் உன் பெயர் எங்கே, இல்லாவிட்டால் உன் அப்பா பெயர் எங்கே என்று படிவம் கேட்டது. டீக்கடையில் செல்போனைப் பெரிதாக்கிப் பாகம் எண் தேடிய ஜனங்கள், பத்து வருடமாகப் பேசாத பெரியப்பா மகனுக்குப் போன் போட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் பிறந்த பங்காளிகளை யாராவது எண்ண வேண்டும்.

கணக்கு வழியாகவும் ஒரு முறை முயன்றேன். மகேந்திரன் காலத்திலிருந்து ஏறக்குறைய 1400 வருடம். தலைமுறைக்கு 28 என்றால் ஐம்பது தலைமுறை. ஒவ்வொரு படியிலும் முன்னோர் இரட்டிப்பதால், ஐம்பதாம் படியில் எனக்குப் பதினொரு கோடி கோடி முன்னோர்கள் வேண்டும். அன்றைய உலகத்தில் அத்தனை பேர் இல்லை. நம் ஊர்க்காரர்கள் இதை அக்காள் மகளைக் கட்டித் தீர்த்துவிட்டார்கள். அப்படிப் பிறந்த பிள்ளைக்கு அப்பாவழித் தாத்தாவே அம்மாவழிப் பூட்டன்; ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்கிறார்.

முடிவாகக் களப்பணி. முன்பு கர்ணத்தைக் கேட்டிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். யார் வீட்டில் யார் யாருக்குத் தத்துப் போனார் என்பது அவர் நாக்கு நுனியில் இருந்தது. பரம்பரைக் கர்ணம் வேலையை 1980 நவம்பரில் அரசு ஒழித்தது. நல்ல காரியம், ஆனால் நாக்கு நுனியைக் கணினியில் ஏற்றவில்லை. எனக்குக் கிடைத்தது 1958ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று. அதில் ‘எனது தமையனார் குமாரன்’ என்று ஒருவர் கைநாட்டு வைத்திருந்தார். ரேகை மட்டும் பளிச்சென்று இருந்தது, பெயர் மேல் கறையான். புஞ்சையை விற்க அந்த வீட்டுக் கையெழுத்தும் வேண்டும் என்பதால், ரேகைக்குச் சொந்தமான வீட்டைத் தேடி சீயமங்கலம் போனேன். செஞ்சிக் கோட்டையை 1690இல் வளைத்த மொகலாயப் படைக்கு உள்ளே நுழைய 1698 ஆனது. எனக்கு மூன்று டீ ஆனது.

திண்ணையில் இருந்தவருக்கு எழுபது வயதிருக்கும். நான் அப்பா பெயரைச் சொன்னேன். அவர் விரல் மடக்கி ஏதோ எண்ணிவிட்டு எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டினார்.

“அப்படின்னா நீங்க எனக்குச் சித்தப்பா ஆவணும். உள்ள வாங்க சித்தப்பா.”

எனக்கு வயது நாற்பத்தாறு. இரண்டாம் நந்திவர்மனின் சங்கடம் அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

கையெழுத்து விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே அவர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். நீள வாக்கில் மடித்த பழைய கணக்கு நோட்டு; ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் படிந்து அட்டை மொடமொடத்தது. குலதெய்வத்துக்கு ஆடியில் கூழ் ஊற்றும் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. செத்தவர்கள் பெயர் மேல் நேர்க்கோடு, ஊரை விட்டுப் போனவர்கள் பெயர் பக்கத்தில் சுழி. பிறப்புப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், செப்பேடு எல்லாவற்றையும் விட ஒழுங்கான ஆவணம் இதுதான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். என் அப்பா 1974இல் சென்னைக்குப் போனார். பெயருக்குப் பக்கத்தில் சுழி இருந்தது. ஆனால் ஒவ்வொரு வருடப் பக்கத்திலும் அவர் பெயரை மறுபடி எழுதி, எதிரே ‘பாக்கி’ என்று போட்டிருந்தார்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய், ஐம்பது, இருநூறு, ஐந்நூறு.

“அப்பா தவறி ஆறு வருஷமாச்சு” என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் மேல் மெதுவாக ஒரு நேர்க்கோடு இழுத்தார். கீழே என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். மொத்தப் பாக்கியைக் கூட்டத் தொடங்கியவர் பாதியில் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்க பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சித்தப்பா?”

“போன வருஷம்தான்.”

“அப்ப ரெண்டு தலைக்கட்டு” என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து கூட்டினார்.