நீயா, நீரா?

ராபர்ட்சன்பேட்டை வாசகர்: வீட்டில் யாரையும் ‘நீர்’ என்று கூப்பிட்டதில்லை. ஆண்டவரை மட்டும் ஏன் அப்படி?

‘நீ’ என்றால் மரியாதை போகிறது. ‘நீங்கள்’ என்றால் ஒருவரா பலரா என்ற குழப்பம். ஒருமையும் மரியாதையும் கெடாமல் நடுவில் நிற்பது ‘நீர்’. கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில் குழாயில் வராத நாளிலும் கோயிலில் தவறாமல் வருகிற நீர்!

ஆண்டர்சன்பேட்டை வாசகர்: பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா ஆண்டவரை ‘நீ’ போட்டு ஜெபிக்கிறார். கேட்கவே கூசுகிறது.

அவர் படித்த வேதாகமம் அப்படி. தெலுங்கு, கன்னட புராட்டஸ்டண்டு வேதாகமங்களில் பரமண்டல ஜெபம் ‘நீ’யில்தான் ஓடுகிறது. இங்கிலீஷ்காரர் பயபக்தியோடு சொல்லும் ‘தை’ (thy) கூட ஒரு காலத்தில் தோழனையும் பிள்ளையையும் அழைத்த சொல்; பழசானதும் பட்டு உடுத்திக்கொண்டது. கேஜிஎஃபில் நாலு மொழியில் ஜெபம் மேலே ஏறுகிறது. மூன்றில் ‘நீ’, நம்முடையதில் ‘நீர்’. கூச்சம் உங்கள் காதில். அந்த அம்மாவின் நாக்கில் இல்லை.

கோரமண்டல் வாசகர்: இயேசு மகன். அவரைப் போய் ‘ஏசப்பா’ என்பது முறையா?

பெற்ற பிள்ளையையே “வாப்பா, சாப்பிடுப்பா” என்கிற ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? கெத்செமனேயில் இயேசு தன் தந்தையை அழைத்த அரமேயச் சொல்லும் ‘அப்பா’தான். புதிய ஏற்பாட்டில் மூன்று இடங்களில் அது அப்படியே நிற்கிறது. தமிழில் பெயர்த்தவருக்கு அந்த மூன்று இடத்திலும் வேலை மிச்சம்.

சாம்பியன் ரீஃப் வாசகர்: தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே பாறை வெடித்து, ஏர் பிளாஸ்ட் வந்து வீடு ஆடினால், அம்மா ‘ஏசப்பா!’ என்று அலறுவார். அது நாமத்தை வீணிலே வழங்குவதா?

3 கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கிற இடத்தில் புருஷன் நிற்கிறார். மேலே பாத்திரம் உருளுகிறது. அந்த ஒற்றைச் சொல்லில் ஜெபம், மனு, மிரட்டல் எல்லாம் இருக்கிறது. 130-ஆம் சங்கீதம் ஆழத்திலிருந்து கூப்பிடுகிற பாட்டு. பாடியவர் எவ்வளவு ஆழம் பார்த்தாரோ. உங்கள் அப்பா இறங்கியது அதைவிட ஆழம்.

மரிக்குப்பம் வாசகர்: 2001 பிப்ரவரி 28, சுரங்கம் மூடிய அன்று என் நைனா வானத்தைப் பார்த்து “உனக்குக் கண்ணு இல்லையா?” என்று கேட்டார். இன்றுவரை எனக்கு உறுத்தல்.

உறுத்தலை இறக்கி வையுங்கள். யோபு புத்தகம் 42 அதிகாரம். அதில் யோபு கேட்காத கேள்வி இல்லை, பேசாத பேச்சு இல்லை. மூன்று நண்பர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “கடவுளை அப்படிச் சொல்லாதே, தப்பு உன்மேல்தான் இருக்கும்” என்று பக்தியாகப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுளின் கோபம் யார்மேல் விழுகிறது? கேள்வி கேட்டவர்மேல் அல்ல. கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய மூன்று பேர்மேல். யோபு அவர்களுக்காக வேண்டிக்கொண்ட பிறகுதான் மன்னிப்பு.

உங்கள் நைனாவுக்கு அன்று புத்தி சொன்னவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

பெங்களூர் ரயிலில் தினமும் போகிறவர்: எதற்கெடுத்தாலும் ‘ஓ மை காட்’ என்கிறாள் மகள்.

‘காட்’ என்று சொல்லப் பயந்து ‘காஷ்’ என்று திரித்த இங்கிலீஷ்காரர்கள் உண்டு. கடவுளை ஏமாற்ற ஒரே ஒரு ஒலி! மகளைக் கண்டியுங்கள். ஆனால் மரிக்குப்பம் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததற்குச் சொன்னால் விட்டுவிடுங்கள், அது ஸ்தோத்திரம்.

வீணிலே வழங்காதே என்பது இரண்டாம் கட்டளையா, மூன்றாவதா?

கத்தோலிக்கருக்கும் லுத்தரன் சபைக்கும் இரண்டு. மற்ற புராட்டஸ்டண்டு சபைகள் பெரும்பாலும் மூன்று என்று எண்ணுகின்றன. எண்ணுவதில்தான் பேதம். மீறுவதில் சபை ஒற்றுமை.

எங்கள் சபையில் ஒருவர் ஜெபித்தால் வரிக்கு நாலு ‘கர்த்தாவே’.

உங்கள் பெயரை வரிக்கு நாலு தரம் சொல்லி ஒருவர் பேசினால், கடன் கேட்கப் போகிறார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஆண்டவருக்குத் தெரியாதா?

ஒரே கடவுளுக்குத் தமிழில் எத்தனை பெயர்?

1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகத்தின் தலைப்பிலேயே அவர் ‘தம்பிரான்’. அப்புறம் சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சண்டை. பெயர் வைத்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே எந்தப் பெயரில் அறிமுகம் செய்துகொண்டார்களோ!

தாத்தா அயோத்திதாசர் வழிப் பௌத்தர், கடவுளே இல்லை என்பார். பாட்டி ஜெபமாலையை விடமாட்டார். யார் பக்கம் நான்?

அயோத்திதாசரின் எழுத்தை அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலை இருந்ததே தங்கவயலில்தான். கடவுள் பெயரைத் தாத்தா வீணாகச் சொன்னதே இல்லை, கவனித்தீர்களா? அந்தக் கட்டளையில் பாட்டியைவிடத் தாத்தாவுக்கு மார்க் அதிகம்.

ஆண்டவரை அவமதிக்கிற பேச்சு எது? ஒரே வரியில் சொல்லவும்.

ஒரு வரி போதாது. 1871 தமிழ் வேதாகமம் ஆண்டவருக்கு ‘அவர்’ கொடுத்தது; வலை வீசிய பேதுருவை ‘அவன்’ என்றது, மரியாளை ‘அவள்’ என்றது. 1995-ல் திருவிவிலியம் வந்து அவர்களையும் ‘அவர்’ ஆக்கியது. அச்சில் ஆயிற்று. தெருவில்? பெஜவாடா வில்சன் 1966-ல் இதே கேஜிஎஃபில், மலம் அள்ளும் வேலைக்குத் தள்ளப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். அந்த வேலையை ஒழிக்கப் போராடி 2016-ல் மகசேசே விருது பெற்றார். வாளி சுமந்து போனவரை “டேய்” என்று கூப்பிட்ட வாய், ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரை “நீர்” என்றால், அந்த “நீர்”தான் தூஷணம். யாக்கோபு நிருபம், மூன்றாம் அதிகாரம், ஒன்பதாம் வசனம். எடுத்துப் பாருங்கள், சுள்ளென்று இருக்கும்.

எனக்குப் பைபிள் தமிழ் வராது. “இன்னா நைனா, என்னக் கண்டுக்கவே மாட்டேன்ற” என்றுதான் ஜெபம் வருகிறது. மாற்றிக்கொள்ளட்டுமா?

பேதுரு பேசிய விதத்தை வைத்தே கலிலேயாக்காரன் என்று முற்றத்தில் நின்றவர்கள் கண்டுபிடித்தார்கள். இயேசுவும் கலிலேயாவில் வளர்ந்தவர்தான். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது ஊர்ப் பேச்சில்தான். மாற்றவே வேண்டாம். “கண்டுக்கவே மாட்டேன்ற”... அப்புறம்? மேலே சொல்லுங்கள்.