கொடை வீடியோவும் கேம் பொட்டியும்: புணர்ச்சி இலக்கண நோக்கில் ஓர் ஆய்வு

திசையன்விளைக்குப் பக்கத்து ஊர் இடையன்குடி. 1841இல் அங்கே வந்து சேர்ந்த ராபர்ட் கால்டுவெல், மிஷன் வேலைக்கு நடுவே தென்னிந்திய மொழிகளையெல்லாம் வரிசையாக உட்காரவைத்து, யாருக்கு யார் சொந்தம் என்று விசாரித்து, 1856இல் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். இத்தகைய மண்ணில், வீடியோக் கோப்பு பேசுவது கேம் பொட்டிக்கு ஏன் விளங்குவதில்லை என்பதை மட்டும் ஒருவரும் ஆராயாமல் விட்டது வட்டாரத்துக்கே இழுக்கு. அவ்விழுக்கைத் துடைக்க எழுந்தது இவ்வாய்வு.

ஆய்வின் நில எல்லை, திசையன்விளையை நடுவாகக் கொண்டு: வடகிழக்கே சாத்தான்குளம், வடமேற்கே நாங்குநேரி, மேற்கே ராதாபுரம், தெற்கே உவரிக் கடல். கால எல்லை: பிளேஸ்டேஷன் 3 வெளிவந்த 2006 முதல், அதன் தம்பியான பிளேஸ்டேஷன் 4க்கு மீடியா பிளேயர் வாய்த்த 2015 வரை. முதன்மைச் சான்றுகள்: கல்யாண வீடியோ, சடங்கு வீடியோ, கோயில் கொடை (திருவிழா) வீடியோ. இவற்றுள் எதுவும் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. எதையும் முழுதாகப் பார்த்தவர் இலர். துணைமைச் சான்றுகள்: முழுதாகப் பார்த்ததாகச் சொல்பவர்கள்.

சிக்கல் தோன்றும் முறை எல்லா வீட்டிலும் ஒன்றே. துபாயிலிருந்து லீவில் வந்த அத்தான் பிள்ளைகளுக்கென்று ஒரு பொட்டி வாங்கி வருகிறார். கொடைக்கு வர முடியாமல் போன மும்பைச் சித்தப்பா மகன், ஸ்டுடியோக்காரரிடமிருந்து வீடியோவை வாங்கி, தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிச் சுருக்கி, எம்கேவி என்னும் கோப்பாக்கி, பென்டிரைவில் திருப்பி அனுப்புகிறான். வீடே கூடி உட்கார்ந்திருக்கப் பொட்டியில் அதைச் செருகுகிறார்கள். திரையில் “அன்சப்போர்ட்டட் டேட்டா” என்று வருகிறது.

“எய்யா, பொட்டி என்ன சொல்லுது?”

“புரியலைங்கு, ஆச்சி.”

“நம்ம அம்மன் கொடைன்னு சொன்னியா?”

பொட்டி சாமானியப்பட்டதன்று என்பதையும் இங்கே பதிவு செய்தல் வேண்டும். 2010இல் அமெரிக்க விமானப்படை இதே பிளேஸ்டேஷன் 3 பொட்டிகளில் 1,760ஐ ஒன்றாகக் கோத்து ஒரு மீக்கணினி கட்டி, செயற்கைக்கோள் படங்களை அலசியது. வானத்திலிருந்து எடுத்தது விளங்குகிறது. இசக்கியம்மன் கோயில் வாசலில் எடுத்தது விளங்கவில்லை. காரணம் பென்டிரைவில் வைரஸ் என்பாரும், கரண்டு லோ வோல்ட்டேஜ் என்பாரும், துபாய்ச் சாமானே அப்படித்தான் என்பாரும் உளர். மூன்றாம் கூற்று பெரும்பாலும் துபாய் போகாதவர்களுடையது. ஆகவே அது தள்ளப்பட்டது.

உண்மைக் காரணம் வருமாறு. வீடியோக் கோப்பு என்பது இரண்டு பொருள்: உள்ளே இருக்கும் சரக்கு ஒன்று, அதை அடைத்திருக்கும் கூடு ஒன்று. எச்.264 என்பது படத்தைச் சுருக்கும் முறை, அது சரக்கு. எம்கேவி, எம்பி4, ஏவிஐ என்பன கூடுகள். 2002இல் தொடங்கிய எம்கேவி, ரஷ்யப் பொம்மைக்குள் பொம்மையின் பெயரைச் சூட்டிக்கொண்டு எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளும் தாராளமான கூடு. பிளேஸ்டேஷன் 3க்கு எச்.264 அத்துபடி, எம்கேவிக் கூட்டை மட்டும் திறக்கவே திறக்காது. கருப்பட்டி வாங்கப் போனவன் சாக்கில் இருந்தால் வாங்குவேன், ஓலைப்பெட்டியில் இருந்தால் அது என்னவென்றே தெரியாது என்று சொன்னால் எப்படியோ அப்படி.

இனி இலக்கணம். இரு சொற்கள் சேரும்போது எந்த மாற்றமும் இல்லாவிட்டால் இயல்பு புணர்ச்சி. மாற்றம் நேர்ந்தால் விகாரப் புணர்ச்சி. பள்ளிக்கூடத்தில் பிரம்புக்கு அஞ்சிப் படித்த இந்தப் பாகுபாட்டுக்கு வாழ்க்கையில் பயன் உண்டு என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. சரக்கைத் தொடாமல் எம்கேவிக் கூட்டிலிருந்து எடுத்து எம்பி4 கூட்டுக்குள் வைப்பது இயல்பு புணர்ச்சி. எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள் இதற்குப் போதும். கோப்பை நகல் எடுக்க ஆகும் நேரம்தான் இதற்கும் ஆகும். ஒலி ஏஏசி முறையில் இல்லாவிட்டால் ஒலியை மட்டும் மாற்றினால் தீர்ந்தது. படத்தை முழுதாகப் பிரித்து, மறுபடி ஒவ்வொரு சட்டகமாகச் சுருக்குவது விகாரப் புணர்ச்சி. பழைய கணினியில் நாலு மணி நேர வீடியோவுக்கு அது நாலு மணி நேரமோ அதற்கு மேலோ இழுக்கும்.

இயல்பில் முடியும் காரியத்தை விகாரத்தில் செய்வதே இவ்வட்டாரத்து வழக்காக இருந்தது. பஜாரில் இருந்த ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், “கன்வெர்ட் பண்ணணும் அண்ணாச்சி, நாளைக்கு வாங்க” என்பார்கள். எந்தக் கோப்பாயினும் ஒரே பொத்தான், ஒரே அளவு, ஒரே ஏவிஐ. மறுநாள் வாங்கி வந்து போட்டால் ஓடும். எப்படி ஓடும் என்பது விகாரத்தின் மூன்று வகையையும் கண்டால் விளங்கும்.

முதலாவது தோன்றல், இல்லாதது வருவது. கொடை நடப்பது நடுச்சாமத்தில். இருட்டுக்கு வினாடிக்கு இத்தனை பிட்டு போதும் என்று மென்பொருள் கஞ்சத்தனம் பிடிக்க, வானத்தில் நட்சத்திரத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தோன்றும். இது சிறு தோன்றல். பெருந்தோன்றல் கரகாட்டத்தில் காணப்படும். அக்காலக் கேமரா ஒரு வினாடியை 50 பாதிப் படங்களாக எடுத்தது: ஒருமுறை ஒற்றை வரிகள், அடுத்த முறை இரட்டை வரிகள். இரண்டு பாதிக்கும் நடுவே வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. அதற்குள்ளேயே கரகாட்டக்காரர் சற்று இடம் மாறியிருப்பார். பாதிகளை முறையாகப் பிரிக்காமல் ஒட்டிவிட்டால் அவர் இடுப்பு, முழங்கை, தலைக் கரகம் எல்லாவற்றிலும் சீப்புப் பல் முளைக்கும். அசையாமல் நிற்கும் தர்மகர்த்தா மட்டும் தெளிவாக இருப்பார். வரி கொடுத்தவர்களுக்கு இது ஏற்புடையதாக இருந்ததாக அறிகிறோம்.

இரண்டாவது திரிதல். பழைய மினி டிவி (MiniDV) கேமரா நாடாவில் எடுத்த படம் நாலுக்கு மூன்று என்னும் விகிதம். வீட்டுச் சுவரில் மாட்டிய புதிய டிவி பதினாறுக்கு ஒன்பது. விகிதத்தைச் சொல்லாமல் மாற்றினால் படம் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுபடும். உயரம் அப்படியே, அகலம் மட்டும் கூடும். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை இதனால் பருத்துத் தெரிய, “வெளிநாட்டுச் சாப்பாடு நல்லா ஒத்துக்கிட்டு போல” என்று பெண் வீட்டார் மகிழ்ந்தனர். பெண்ணும் அதே விகிதத்தில் பருத்திருந்ததை மாப்பிள்ளை வீட்டார் மகிழ்ச்சியுடன் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே திரிபு, இரு வீட்டில் இரு பொருள்.

மூன்றாவது கெடுதல். விகாரங்களுள் மீட்க முடியாதது இதுவே. ஒருமுறை சுருக்கியதை மறுமுறை சுருக்கினால், முதல் சுருக்கத்தில் தப்பிப் பிழைத்த நுணுக்கமும் போகும். ஒலியில் இது கொடுமை. வில்லுப்பாட்டில் வில், உடுக்கை, குடம், கட்டை, ஜால்ரா என்று இத்தனை கருவிகள். குறைந்த பிட்டில் எம்பி3 ஆக்கும்போது 16,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை வெட்டிவிடுவது வழக்கம். குடம் பிழைக்கும், உடுக்கை ஒருவாறு பிழைக்கும்; ஜால்ராவின் மினுமினுப்புதான் முதலில் போகும். திருநெல்வேலிச் சீமையில் ஜால்ரா குறைந்த ஒரே பொதுநிகழ்ச்சி அந்த வீடியோவில்தான் காணக் கிடைக்கிறது.

இயல்பு புணர்ச்சிக்குப் புறனடை ஒன்று உண்டு. எச்.264 ஒரு படத்தை வரைய முந்தைய சில படங்களை நினைவில் வைத்து ஒப்பிடும். பொட்டி ஒப்புக்கொண்ட அளவு லெவல் 4.1: 1080 வரிப் படத்துக்கு 4 சட்டகம், 720 வரிப் படத்துக்கு 9. மும்பைத் தம்பிகள் தரம் கூடட்டும் என்று 16 வைப்பார்கள். கூடு மாற்றினாலும் அப்போது படம் திக்கும். அங்கே விகாரம் தவிர வேறு வழியில்லை.

விகாரத்துக்கு வெளியூர் ஆய்வாளர் அறியாத இடையூறு ஒன்று இங்கே இருந்தது: மின்வெட்டு. சுற்றிலும் காற்றாலைகள், அதே ராதாபுரம் வட்டாரத்துக் கூடங்குளத்தில் அணு உலை எழும்பி நின்றது. ஆனால் 2012இல் சென்னைக்கு வெளியே சில நாள் 12 மணி நேரத்துக்கும் மேல் கரண்டு இல்லை. கூடங்குளம் முதல் உலை மின்கட்டமைப்பில் இணைந்தது 2013 அக்டோபரில்தான். நாலு மணி நேர விகாரத்துக்குக் கரண்டு இருந்ததோ பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணி.

இதில் எம்பி4 செய்யும் துரோகம் தனியே எழுதத்தக்கது. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்னும் அட்டவணையை அது பொதுவாகக் கடைசியில்தான் எழுதும். மூன்றரை மணி நேரம் ஓடி, பூக்குழி வரை வந்து, கரண்டு போனால் அட்டவணை இல்லை; அட்டவணை இல்லையேல் மூன்றரை மணி நேரமும் இல்லை. கோப்பு அப்படியே கிடக்கும், அளவும் காட்டும், ஒரு நொடி ஓடாது. இதற்கு மாற்று டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்னும் கூடு. 188 பைட்டுப் பொட்டலங்களாகக் கட்டிக்கொண்டே போகும், அட்டவணைக்குக் காத்திருக்காது. மொட்டைமாடி டிஷ்ஷில் இறங்கும் சன் டிவி வருவதும் இப்படித்தான். மழையில் நடுவே அறுந்தாலும் பிறகு தொடர்வது அதனால்தான். அக்கூட்டில் விகாரம் செய்தவர்களுக்கு, கரண்டு போன இடம் வரைக்கும் கொடை மிஞ்சியது. பொட்டியும் அதை ஏற்றுக்கொண்டது. பூக்குழியை மட்டும் நேரில் பார்த்தவர்கள் வாயால் சொன்னார்கள். மாற்றத்தால் எந்தச் சேதமும் ஆகாதது அப்பகுதிதான். (சொல்லச் சொல்ல நீண்டது என்பது வேறு.)

எக்ஸ்பாக்ஸ் 360க்கும் மேற்சொன்ன விதிகளே பெரும்பாலும் பொருந்தும். அதுவும் எம்கேவியைத் தீண்டாது. பின்னாளில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்சில் வெளி வீடியோவைப் போட வழியே வைக்கவில்லை. புணர்ச்சியே இல்லாத இடத்தில் இலக்கணத்துக்கு என்ன வேலை என்று அதை விட்டோம்.

இறுதியாக நாலு ஜிபி. பிளேஸ்டேஷன் 3, ஃபேட்32 முறையில் அமைத்த பென்டிரைவையே படிக்கும். அம்முறையில் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்டக் கூடாது. நாலு மணி நேர வீடியோவை ஒரே கோப்பாக இதற்குள் அடக்கினால் வினாடிக்கு 24 லட்சம் பிட்டுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். தரம் வேண்டுமானால் கோப்பை அறுக்க வேண்டும். மென்பொருளிடம் விட்டால் அது முகூர்த்தம் பார்க்காது. எங்கே நாலு ஜிபி நிரம்புகிறதோ அங்கே அறுக்கும். நாம் அறிந்த ஒரு கல்யாண வீடியோவில் அறுப்பு விழுந்த இடம்: முதல் கோப்பின் முடிவில் மாலை மாற்றிவிட்டார்கள், கெட்டிமேளம் தொடங்கிவிட்டது, இரண்டாம் கோப்பில் தாலி. இரண்டாம் கோப்போ விகாரத்தில் கெட்டு, ஓடவில்லை.

இதைக் கண்டு ஆச்சி கலங்கியதால் சட்டத்தைப் புரட்ட நேர்ந்தது. 1967இல் அண்ணா ஆட்சி, சுயமரியாதைத் திருமணத்துக்காக இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உற்றார் முன்னிலையில் ஒருவருக்கொருவர் மாலை அணிவித்தாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ, அவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். ஆகவே முதல் கோப்பின்படியே திருமணம் செல்லும். இரண்டாம் கோப்பில் தாலி போக எஞ்சியிருப்பது பந்தியும் மொய்யும்.

“தாலி கிடக்கட்டும்” என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். “மொய் எழுதுன இடம் மட்டும் எப்படியாவது ஓடுமான்னு பாருடே.”