எலுமிச்சை மணம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எலுமிச்சம்பழத்துக்கு அந்த மணத்தைக் கொடுப்பது எது?

பதில்: சிட்ரால் என்ற ஆல்டிஹைடு. தோலில் உள்ள எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன்தான். ஆனால் லிமோனீன் ஆரஞ்சுத் தோலிலும் கொட்டிக் கிடக்கிறது. ‘இது எலுமிச்சை’ என்று மூக்குக்குச் சொல்வது கொஞ்சமாக இருக்கும் சிட்ரால்.

கேள்வி: சிட்ராலுக்காக எலுமிச்சம்பழத்தைப் பிழிகிறார்களா?

பதில்: பழத்தை விட்டுவிட்டுப் புல்லை அறுக்கிறார்கள்! எலுமிச்சைப்புல் எண்ணெயில் 70 முதல் 80 சதவீதம் சிட்ரால்தான். கேரள மலைச்சரிவுகளில் புல்லை அறுத்து, அங்கேயே அடுப்பு மூட்டி, ஆவியில் வடித்தார்கள். கொச்சித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் வெளிநாட்டு வியாபாரிகள் அதைக் ‘கொச்சி எண்ணெய்’ என்றே அழைத்தார்கள். பெரும்பாவூர் பக்கம் ஓடக்காலியில் இந்தப் புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1893-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் டீமானும் குரூகரும் சிட்ராலிலிருந்து அயனோன் தயாரித்தார்கள். வயலெட் பூவின் மணம் அது. வைட்டமின் ஏ மாத்திரைக்கான மூலப்பொருளும் அந்த அயனோன் வழியாகத்தான் வந்தது. மலையில் புல் அறுத்தவர்களின் உழைப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பாருங்கள்! பிறகு ஐசோபியூட்டீன் என்ற பெட்ரோலியப் பொருளிலிருந்து ஆலைகளிலேயே சிட்ரால் தயாரிக்கத் தொடங்கினார்கள். புல் எண்ணெயின் பழைய மவுசு குறைந்தது.

கேள்வி: ஆலையில் செய்த சிட்ரால் மட்டமானதா?

பதில்: இல்லை. மூலக்கூறு அதேதான். பழத்தில் அதோடு வேறு பல மணப்பொருள்களும் சேர்ந்திருக்கும் என்பதே வித்தியாசம். என் கோபமெல்லாம், பழத்தின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே பழமே இல்லாத பானங்கள் மீதுதான். ‘இயற்கையை ஒத்த சுவையூட்டி’ என்ற வரி பொடி எழுத்தில் இருக்கும். தேடிப் படியுங்கள்.

கேள்வி: பாட்டில் எலுமிச்சைச் சாறு நாளாக ஆக மணம் மாறுவது ஏன்?

பதில்: புளிப்பே காரணம். அமிலத்தில் சிட்ரால் நிலைக்காது. மெல்லச் சிதைந்து வேண்டாத வாடை தரும். வெளிச்சமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். அதனால் எலுமிச்சைச் சாதத்துக்குச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள்.

கேள்வி: எலுமிச்சைப்புல்லும் சிட்ரோனெல்லாவும் ஒன்றா?

பதில்: ஒரே புல் குடும்பம், வேறு வேறு செடிகள். கொசுவிரட்டிக்குப் பெயர்போன சிட்ரோனெல்லாவில் முக்கியமானது சிட்ரோனெல்லால்.

கேள்வி: தேனீக்களுக்குக்கூட இந்த மணம் பிடிக்குமாமே?

பதில்: அவற்றுக்கு அது அழைப்பு மணி. வேலைக்காரத் தேனீயின் வயிற்று நுனிச் சுரப்பி, கூட்டாளிகளைக் கூப்பிட வெளியிடும் மணக்கலவையில் சிட்ராலும் இருக்கிறது. அதனால்தான் தேனீ வளர்ப்போர் காலிப் பெட்டியில் எலுமிச்சைப்புல் எண்ணெய் ஒரு துளி தடவிக் கூட்டத்தை வரவழைக்கிறார்கள்.

கேள்வி: அந்த எண்ணெயை நேரடியாக உடம்பில் தேய்க்கலாமா?

பதில்: கூடாது. சிட்ரால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். அழகுசாதனப் பொருளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் அதன் பெயரை உறையில் அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். தேங்காய் எண்ணெயில் ஓரிரு துளி கலந்து, முழங்கையின் உட்புறம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அதோடு விட்டுவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.