விசிலதிகாரம்

கூலி வாங்காமல் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுப்போர் எத்தனை வகையினர் எனின், மூவகையினர் என்ப. விசிலர், கடிகாரர், ஊக்கர். 'என்ப' என்றது யாரை எனின், எங்கள் தடகள கிளப்பின் பயிற்சி முடிந்து எட்டு மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்காரும் நால்வரை. அவருள் ஒருவன் இந்நூலாசிரியன். டீக்காசை அவரவரே கொடுப்பதால் அது கூலியில் சேராது.

விசிலராவார் ஓய்வுபெற்ற பி.இ.டி. வாத்தியார். இவர் எப்போதும் ஒருமை எண்ணிலேயே வருவார். ஒரு கிரவுண்டில் இருவர் அமைந்தால் கிளப் இரண்டாகும். (எங்கள் ஊரில் கிளப் இரண்டு.) மண் தரையில் சுண்ணாம்புத் தூளால் இவர் போடும் கோடுகளுக்கு இடையே 1.22 மீட்டர் இருக்கும். அந்த அளவுக்கு வெட்டிய மூங்கில் குச்சி ஒன்று வைத்திருக்கிறார். வரம்புக்கட்டை இல்லாத தடத்தில் முதல் பாதையின் நீளத்தைக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் அளக்க வேண்டும் என்பது விதி. ஆகவே கோட்டின் மேலேயே ஒரு சுற்று வந்தவன் 400 மீட்டர் ஓடியவன் ஆகான். "ஒன்னேகால் மீட்டர் திருடிட்டியேடா தம்பி" என்று ஒருநாள் ஒருவனை நிறுத்திவைத்துக் கேட்டார். திருடனுக்கு வயது ஒன்பது.

கடிகாரராவார் ஸ்டாப் வாட்ச்சோடு எல்லைக்கோட்டில் நிற்கும் அப்பாக்கள். உண்மையை அறியும் அளவை காண்டல், கருதல், உரை என மூன்று என்று சைவ சித்தாந்திகள் வகுத்தது இவர்களை மனத்தில் வைத்துத்தான் என்பது என் துணிபு.

காண்டல் அளவையர், நூறு மீட்டருக்கு அப்பால் கிளாப்பர் கட்டைகள் மோதுவதைக் கண்ணால் கண்டு பொத்தானை அமுக்குவோர். உரை அளவையர், கிளாப்பர் சொல்வதைக் காதால் கேட்டு அமுக்குவோர். கேட்பதும் காண்பதும் புலனறிவுதானே, பிரிப்பானேன் எனின், அற்றன்று; சத்தம் நூறு மீட்டர் வந்து சேர ஏறக்குறைய 0.3 விநாடி பிடிக்கும். துப்பாக்கியே ஆனாலும் சத்தத்தை விட்டுப் புகையைப் பார் என்பார்கள். கருதல் அளவையர், கிளாப்பர் அடித்தபோது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எப்பவும் பதினாலு வருவான், இன்னைக்கு கொஞ்சம் வேகமா வந்த மாதிரி இருந்துச்சு, பதிமூணரை போட்டுக்குங்க" என்போர்.

நான் முதல் ஆறு மாதம் உரை அளவையனாக இருந்தேன். அந்த ஆறு மாதமும் எங்கள் பிள்ளைகளுக்கு மாவட்டத்திலேயே நிகர் கிடையாது. பிறகு மாவட்டப் போட்டிக்குப் போனோம். நூறு மீட்டர் ஓடிய அத்தனை பேரும், சொல்லிவைத்ததுபோல், கால் விநாடிக்கு மேல் பின்தங்கினார்கள். வாத்தியார் பிள்ளைகளை ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "சார், உங்களுக்குக் காது நல்லா கேக்குது" என்றார்.

இரண்டு வாட்ச் இருவேறு நேரம் காட்டினால் மெதுவான நேரத்தையே எழுத வேண்டும். மூன்று இருந்து மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளதை. 13.21 என்று காட்டினால் 13.3 என்றுதான் எழுத வேண்டும். பாசம் கலந்த வாட்ச் சற்று முந்தியே நிற்கும் என்பது இவ்விதிகளை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்கும் ஒரு மகள் இருந்திருக்க வேண்டும்.

ஊக்கர் என்போர் அம்மாக்கள். ஒரு நெஞ்சு நம்பருக்கு நான்கு ஊக்கு. முதுகுக்கும் சேர்த்து எட்டு. இருபது பிள்ளைகளுக்கு நூற்றறுபது. 'ஊக்குவித்தல்' என்ற சொல் இதிலிருந்தே பிறந்தது. ஊக்கு விற்றல் என்பதன் பேச்சு வடிவம் அது என்பாரும் உளர். இவர்கள் விற்பதில்லை, சும்மாதான் தருகிறார்கள், ஆதலின் அது பொருந்தாது. வித்துதல் என்றால் விதைத்தல். மைதானமெங்கும் இவர்கள் விதைத்த ஊக்குகள் கிடப்பதை வெறுங்காலில் ஓடும் எந்தப் பிள்ளையும் உறுதிசெய்யும். ஊறவைத்த கொண்டைக்கடலைத் தூக்குவாளியும் இவர்கள் பொறுப்பே.

புறனடை. மேற்கூறிய மூவரும் பெரும்பாலும் தம் பிள்ளைக்காக வந்தவர். பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு வந்தால் டியூஷன் பக்கம் போய்விடுவர். நீளம் தாண்டும் குழியருகே மண்வெட்டியோடு நிற்கும் ஒருவர் மட்டும் எந்த வகைக்கும் அடங்கவில்லை. அவர் மகன் தாண்டிய காலம் போய், பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து பல வருடமாகிறது. இவரோ விடிவதற்குள் வந்து மணலைக் கொத்திப் புரட்டி, கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து, பலகையால் இழுத்துச் சமன்செய்கிறார். விசில் இல்லை, வாட்ச் இல்லை, ஊக்கும் இல்லை.

நூலை முடிக்க வேண்டிய அவசரத்தில் நேரே போய்க் கேட்டேன். "அண்ணே, தம்பிதான் போயிட்டாரே, நீங்க எதுக்கு இன்னும்?"

"நாலு நாள் விட்டா மண்ணு இறுகிடும்ல" என்றார். நான் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். "கை சும்மாதானே இருக்கு, அந்தக் குடத்துல தண்ணி பிடிச்சுட்டு வாங்க தம்பி."